கூடாரத்தில் தொங்கிய நூல்

கூடாரம் வாங்கப் போன கடையில் என்னிடம் கேட்ட ஒரு சின்னக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "பிள்ளைக்கு உயரம் எவ்ளவுக்கா?" என்றார் கடைக்கார அண்ணாச்சி. பெற்ற பிள்ளை, தினமும் காலையில் முன்னால் உட்கார வைத்து நான் தலை பின்னிவிடுகிற பிள்ளை. இருந்தும் தெரியவில்லை. இது நடந்து ஒரு வாரம் ஆகிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம். என் வயதுக்காரர்கள் நீங்கள். உங்களிலும் பாதிப்பேர் வெளிநாட்டில் இருந்த வாப்பாவை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்த்து வளர்ந்தவர்கள்தான். உங்கள் வீட்டிலிருந்தும் நூல் போயிருக்கும்.

முதலில் கூடார விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்குக் கங்கைகொண்டான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. போன வருடம் பழைய கார் ஒன்று வாங்கினார். அதிலிருந்து பிள்ளைகள் இரண்டும் போனில் எதையெதையோ பார்த்துவிட்டு ஒரே நச்சரிப்பு. காரை மலையடிவாரத்தில் நிறுத்தி, பக்கத்திலேயே கூடாரம் அடித்து, ஓர் இரவு தங்க வேண்டுமாம். மணிமுத்தாறு போகிற வழியில் ஒரு தோட்டத்தில் அதற்கென்றே இடம் விடுகிறார்களாம். பாம்பு, மழை, வாய்க்கால் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. கடைசியில், "சரி, கூடாரத்தையும் படுக்கிற பையையும் நான்தான் பார்த்து எடுப்பேன்" என்றேன். வீட்டுக்காரர் சிரித்தார். "உனக்கு அதுல என்ன தெரியும்?"

எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஜங்ஷன் பக்கம் உள்ள கடை அது. மழைக்கோட்டு, பள்ளிக்கூடப் பை, மலையேறுகிறவர்களுக்கான சாமான் எல்லாம் விற்கிறார்கள். அண்ணாச்சி மூன்று கூடாரங்களை விரித்துக் காட்டினார்.

"இது நாலு பேரு படுக்கதுக்கு உள்ளதுக்கா. கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க."

"நாலு பேருன்னு போட்டிருந்தா ரெண்டு பெரிய ஆளு, ஒரு சின்ன ஆளு. அதுக்கு மேல காணாது அண்ணாச்சி. ஆறு பேர் போட்டத எடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் தையலை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து, ஊசித் துளையில் வெளிச்சம் தெரிகிறதா என்று விளக்குக்கு நேரே பிடித்தேன். அடித்துணியின் மூலையில் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிக் காத்திருந்தேன். முளைகளை எண்ணினேன். பிறகு உள்ளே போய் ஜிப்பை மூடி, உள்ளிருந்தே திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

"எக்கா, நீங்க என்ன பட்டாளத்துல இருந்தியளா?"

சிரித்துவைத்தேன். பட்டாளம் இல்லை அண்ணாச்சி, வாப்பா.

கூடாரம் முடிந்தது. அடுத்தது படுக்கிற பை. மகனுக்குப் பெரிய ஆள் அளவே போதும். என்னைவிட அரையடி கூடுதலாக வளர்ந்துவிட்டான். மகளுக்கு வந்தபோதுதான் உயரம் கேட்டார். பெரிதாக எடுத்தால் உள்ளே காற்று நின்று குளிருமாம், சிறிதாக எடுத்தால் கால் முட்டுமாம். நான் என் தோளுக்குப் பக்கத்தில் கையை வைத்தேன். கொஞ்சம் இறக்கினேன். மறுபடி ஏற்றினேன்.

"வளர்ற பிள்ளதானக்கா. பெருசாவே எடுத்துருங்க. வளர எடம் கெடக்கட்டும்" என்றார் அண்ணாச்சி.

"வேண்டாம், அளந்துட்டு நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். 'வளர எடம் கெடக்கட்டும்' என்று அதே சொற்களை இதற்கு முன் ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

நாங்கள் அப்போது மேலப்பாளையத்தில் இருந்தோம். வீட்டில் உம்மா, நான், என்னைவிட நான்கு வயது சிறியவனான தம்பி. வாப்பா சவூதியில். என்ன வேலை என்று கேட்டால் 'பைப்பு லைன்' என்போம். அது என்ன என்று எங்களுக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. கடிதத்தில் எப்போதும் ஒரு வரி இருக்கும்: 'ரூம் வசதியாக இருக்கிறது, நல்ல காற்றோட்டம்.' உம்மா அந்த வரியை அக்கம்பக்கத்தில் வாசித்துக் காட்டுவாள்.

நூல் விஷயம் இப்படி. ஊரிலிருந்து யாராவது புறப்பட்டால் அவர் கையில் கடிதத்தோடு எங்கள் அளவும் போகும். உம்மா எங்களைக் கதவு நிலையில் ஒட்டி நிற்கவைத்து, குதிகாலில் நூலின் நுனியைத் தன் கால்விரலால் மிதித்துக்கொண்டு, உச்சந்தலை வரை இழுத்து அங்கே கத்தரிப்பாள். தலைப்பக்க நுனியில் எனக்கு ஒரு முடிச்சு, தம்பிக்கு இரண்டு முடிச்சு. வாப்பா அந்த நூலைப் பார்த்துத்தான் எங்களுக்குத் துணி எடுப்பார். போட்டோ எடுத்து அனுப்பலாம்தான். ஆனால் போட்டோவில் நாற்காலியில் உட்கார்த்திவைத்துவிடுவார்கள். அதில் வளர்த்தி தெரியாது. நூல் பொய் சொல்லாது என்பாள் உம்மா.

அந்த வருடம் நூல் பொய் சொன்னது. சொல்ல வைத்தது நான்.

வகுப்பில் என்னைத்தான் முதல் பெஞ்சில் முதலாவதாக உட்காரவைப்பார்கள். அவ்வளவு குட்டை. அதற்கு முந்தின தடவை வாப்பா கொண்டுவந்த கவுன் எனக்குச் சேரவில்லை. நூல் போய்ச் சேர்ந்து அவர் வந்து சேர்வதற்குள் கொஞ்சம் வளர்ந்துவிட்டிருந்தேன். அந்தக் கவுன் வேறு யார் வீட்டுப் பிள்ளைக்கோ போயிற்று. இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. அது மட்டும் காரணமில்லை. என் மகள் பெரிய பிள்ளையாகிவிட்டாள் என்று வாப்பா அங்கே நினைக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

அடுத்த வீட்டில் ஒரு பிள்ளை இருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், நல்ல வளர்த்தி. அவளுடைய வாப்பாவுக்குப் பஜாரில் கடை. தினமும் மதியம் வீட்டுக்குச் சாப்பிட வருவார். உம்மா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போன நேரத்தில், அதே நூல்கண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவளைச் சுவரோரம் நிற்கச் சொல்லி அளந்தேன்.

"எதுக்குட்டீ அளக்கே?"

"சும்மா ஒரு வெளாட்டு. அசையாம நில்லு."

பல்லால் நூலைக் கடித்து, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு, உறைக்குள் என் நூலை எடுத்துவிட்டு அதை வைத்தேன். என் உண்மையான நூலைச் சாக்கடையில் போட்டேன். அது உடனே மூழ்கவில்லை. கொஞ்ச தூரம் மிதந்தே போனது.

கோடை லீவில் வாப்பா வந்தார். திருவனந்தபுரத்திலிருந்து வாடகைக் கார். தெருவே கூடி நின்றது. நான் உம்மாவின் சேலைக்குப் பின்னால். அடுத்த வீட்டுப் பிள்ளை எல்லாருக்கும் முன்னால் எங்கள் வாசல்படியிலேயே ஏறி நின்றாள். காரிலிருந்து இறங்கியவர் ஒரு நொடி எல்லார் முகத்தையும் பார்த்தார். பிறகு நேரே போய் அவள் தலையில் கையை வைத்தார்.

"என் மவ இம்புட்டு வளந்துட்டாளா!" என்று குனிந்து அவள் உச்சியில் முத்தமிட்டார்.

அவள் நெளிந்தாள். "மாமா, நான் இல்ல. அவ அந்தா அங்கன நிக்கா."

தெரு முழுக்கச் சிரிப்பு. "ஏ பாய், சொந்தப் பிள்ளையவே தெரியலையா? நல்லவேள, பொண்டாட்டிய மாத்திப் பிடிக்கல" என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் வாப்பாதான். சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். என் தலைக்கு மேலே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பிறகு என்னைத் தூக்கினார். அவர் மேல் புது சோப்பும் விமானத்துச் சாப்பாடும் கலந்த ஒரு வாசனை. நான் விறைத்துப்போய் இருந்தேன். உடனே இறக்கிவிட்டார். அதன்பிறகு குழாயடியில் நெடுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருசமாச்சுல்லா. பயண அசதி வேற" என்று உம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கவுனைப் பிரித்துப் பார்த்தபோது அது என் கணுக்காலுக்கும் கீழே கிடந்தது. "நானா இம்புட்டு நீளமா நூலு வெட்டுனேன்? கண்ணு அவிஞ்சிருச்சு எனக்கு" என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓரத்தை மடித்துத் தைத்தாள். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன்.

அந்தத் தடவை வாப்பாவின் சாமான்களில் டேப் ரிக்கார்டர் இல்லை, கம்பளி இல்லை. நீளமான பச்சைக் கித்தான் மூட்டை ஒன்றும், சுருட்டி நாடா கட்டிய நான்கு பைகளும் இருந்தன. பைகளில் மூன்று புதிது, ஒன்று பழையது. தெரு ஏமாந்துபோயிற்று.

"பையிக்குள்ள படுக்கதா? மௌத்தானவங்களயா கொண்டு போவப்போறோம்?" என்று உம்மா பதறினாள்.

வாப்பா பொறுமையாக விளக்கினார். மூன்று கடை ஏறி இறங்கினாராம். தலையையும் சேர்த்து மூடுகிற பை மலிவாகக் கிடைத்ததாம். பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும் என்று அதை விட்டுவிட்டாராம். ஜிப் உள்ளிருந்தும் திறக்க வேண்டும் என்று தானே உள்ளே படுத்துப் பார்த்தாராம். பிறகு எங்கள் இரண்டு பேர் நூலையும் கடைத் தரையில் ஒவ்வொரு பையின் மேலும் நீட்டி வைத்து அளவு பார்த்தாராம். "கடைக்காரன் ஒரு பட்டாணியன். இவனுக்கு கிறுக்கு புடிச்சிருக்குன்னு நெனச்சிருப்பான்" என்று சிரித்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். சொல்லும்போது தம்பியைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்க்கிறபோது மட்டும் விருந்தாளி வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல ஒரு கவனம் வந்தது அவர் முகத்தில். ஒரு தடவை தவறிவிட்டது, இனித் தவறக் கூடாது என்பதுபோல.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கார் வந்தது. சேரன்மகாதேவிக்கு அப்பால், ஆற்றோரம், வாப்பாவோடு படித்த ஒருவருடைய தோப்பு. பாத்திரம், ஸ்டவ், அரிசி, நான்கு பைகள், பச்சை மூட்டை எல்லாம் ஏற்றியதில் என் மடியில் தம்பி, தம்பி மடியில் தண்ணீர்க் கூஜா. காரோட்டி அண்ணாச்சி வழி முழுக்க விடவில்லை.

"ஏம் பாய், நெசமாத்தான் கேக்கேன். வீடு ஒழுவுதா?"

"இல்ல அண்ணாச்சி."

"வீட்டம்மா வெரட்டிட்டாகளா?"

"அவளும்லா கூட வாரா."

"பொறவு எதுக்குவே நல்ல ஓட்டு வீட்ட விட்டுட்டு துணிக்குள்ள போயி கெடக்கணும்? தலையெழுத்தா?"

வாப்பா ஜன்னல் வழியாக வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்றது. "ஒருநாக் கெடந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார். அவர் யாருக்குப் பதில் சொன்னார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கோடையில் ஆறு ஒடுங்கிக் கிடந்தது. மருத மரங்களுக்குக் கீழே வெள்ளை மணல். கித்தானை உதறி விரித்தபோது அதன் மடிப்புகளிலிருந்து செம்மண் நிறத்தில் மெல்லிய மணல் கொட்டி எங்கள் ஆற்று மணல்மேல் விழுந்தது. தம்பி இரண்டு மணலையும் கையில் அள்ளி மாற்றி மாற்றிப் பார்த்தான். கித்தானில் மண்ணெண்ணெய்ப் புகையும், வேர்வையும், வெயிலில் காய்ந்த துணியின் வாடையும் இருந்தன. அது கடையில் வாங்கிய கூடாரம் இல்லை என்பது அந்த வாடையிலேயே தெரிந்தது.

மணலில் முளை நிற்கவில்லை. காரோட்டி அண்ணாச்சி நான்கு தடவை அடித்தார், நான்கு தடவையும் பிடுங்கிக்கொண்டு வந்தது. "இது ஆவாது பாய்" என்றார். வாப்பா சிரித்துக்கொண்டே அரிசிச் சாக்கைக் கிழித்துச் சிறு பைகளாக்கி, மணல் நிரப்பி, ஒவ்வொன்றையும் இழுகயிற்றில் கட்டி முழங்கை ஆழத்துக்குப் புதைத்தார். கயிற்றை விரலால் சுண்டினார். தந்தி மாதிரி நின்றது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு பிடி மணலைத் தூவிப் பார்த்துவிட்டு வாசலை அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பினார். தையலில் வெளிச்சம் பார்ப்பதையும், நாலு பேர் கணக்கையும் எங்களுக்குச் சொன்னது அப்போதுதான். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். வீட்டில் பல்பு மாற்றக்கூட ஆள் தேடுகிறவர் அவர்.

உம்மா மட்டும் சிரிக்கவில்லை. கூடாரத்தின் உள்ளே போய், கித்தானில் ஒட்டியிருந்த அடுப்புக் கரியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது உங்களுக்கு எப்படிக் கைவந்திச்சு?"

வாப்பா கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"நீங்க ரூமுன்னுலா எழுதியிருந்திய?"

"ரூமுதான். துணி ரூமு" என்றார். பிறகு, "நல்ல காத்தோட்டம்னு எழுதுனேன்லா, அது பொய்யா?" என்று சிரிக்கப் பார்த்தார்.

பாலைவனத்தில் அடுக்கி வைத்த குழாய்களுக்குக் காவல். அதுதான் வேலையாம். வாரத்துக்கு ஒருநாள் தண்ணீர் லாரி வருமாம். மற்ற ஆறு நாளும் அவர் மட்டும். அந்த வேலை முடிந்ததும் கூடாரத்தை வீசப் போனார்களாம், இவர் கேட்டு வாங்கிக்கொண்டாராம். உம்மா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். இன்னும் சமைக்கவே இல்லை; கழுவ ஒன்றும் இல்லை. ஆனாலும் கழுவிக்கொண்டே இருந்தாள்.

வாப்பா எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். ஒரு மூலையில், படுத்தால் தலை வைக்கிற இடத்துக்கு நேர் மேலே, என் உயரத்துக்கும் கொஞ்சம் கூடுதலான உயரத்தில், கித்தானில் துருப்பிடித்த ஊக்கு ஒன்று குத்தியிருந்தது. சட்டைப் பையிலிருந்து எங்கள் நூல்களை எடுத்து அதில் மாட்டினார்.

"இங்கனதான் நீங்க ரெண்டு பேரும் நிப்பிய. நான் கீழ படுத்துக்கிடுவேன். தம்பிக்காரன் நூலு எட்டாது. மூத்தவ நூலு மட்டும் காத்துல ஆடி ஆடி வந்து என் மூக்குல படும். ஏ, வாப்பாவ உறங்க உடுட்டீன்னு சொல்லுவேன்."

தம்பி சிரித்தான். அவர் மூக்கைத் தொட்டது நான் இல்லை. அவ்வளவு நாளும் அவர் பேசியது அடுத்த வீட்டுப் பிள்ளையோடு. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அவருக்கு அந்த நூலும் இல்லாமல் போய்விடும் என்று தோன்றியதா, அடிக்குப் பயந்தேனா, இன்றுவரை எனக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டேன்.

பைகளை விரித்தார். தம்பி அவன் பைக்குள் நுழைந்தான். கத்தரித்துத் தைத்ததுபோல் இருந்தது. நான் என் பைக்குள் கால் நீட்டினேன். காலுக்குக் கீழே இன்னும் ஒரு சாணுக்கு மேல் இடம். வாப்பா அந்தக் காலிப் பகுதியைக் கையால் அமுக்கினார். அது மெதுவாக அமுங்கியது. அவர் கேட்டுவிடக் கூடாது என்று நான் கண்ணை மூடிக்கொண்டு உறங்குவதுபோல் கிடந்தேன். வெக்கைக்கு ஜிப்பைக் கீழ்வரை திறந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து என் குதிகாலில் என்னவோ பட்டது. எறும்பு என்று நினைத்தேன். அது மெல்ல என் பக்கவாட்டில் ஊர்ந்து மேலே வந்தது. பிறகு என் உச்சந்தலையில் அவருடைய விரல் அழுந்தி, அங்கேயே நின்றது. தடவிக்கொடுக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். தடவவில்லை. விரலை எடுத்துவிட்டார்.

எழுந்தபோது என் பையின் அடிப்பகுதியை மடித்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

"வளர எடம் கெடக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு உம்மா ஆற்றிலிருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. "வீட்டுக்குப் போவோம்" என்றாள். இருட்டு முன்னால் போய்விட வேண்டும், பொம்பளைப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஆற்றோரம் படுக்கக் கூடாது, ஊர் என்ன சொல்லும் என்று அடுக்கினாள். காரோட்டி அண்ணாச்சியும், "அம்மா சொல்லுதது சரிதாம் பாய்" என்றார். எல்லாம் சரியான காரணங்கள்தான். இன்று நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கணவன் அப்படிக் கிடந்த துணிக்குள் ஓர் இரவுகூடப் படுக்க அவளால் முடியாது என்பது எங்கள் யாருக்கும் அப்போது தெரியவில்லை. அந்தத் துணிக்குள் ஓர் இரவாவது நாங்கள் நான்கு பேரும் கிடந்துவிட்டால் போதும் என்று அவர் அதை அங்கிருந்து தூக்கி வந்தார் என்பது அவளுக்கும் தெரியவில்லை.

வாப்பா மணல் பைகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார். ஊக்கைக் கழற்றி, நூல்களை அதில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மடித்த கித்தானுக்குள் இப்போது எங்கள் ஆற்று மணலும் போயிற்று.

லீவு முடிந்து அவர் போன பிறகு வந்த முதல் கடிதத்தில், 'இனிமேல் நூல் அனுப்ப வேண்டாம், பிள்ளைகளுக்குத் துணி அங்கேயே எடுத்துக்கொள்ளவும்' என்று எழுதியிருந்தார். உம்மா அதைச் சிக்கனம் என்று எடுத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தேன்: கண்டுபிடித்துவிட்டார், என்னை வெறுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை, இருபது நாள் லீவில் வந்தார். நான் அவர் கண்ணில் படாமல் அடுப்படியிலேயே இருந்தேன். கூடாரம் பரணிலேயே கிடந்தது.

எனக்குப் பதிமூன்று வயதானபோது வாப்பா அங்கேயே மௌத்தானார். நெஞ்சுவலி என்றார்கள். அடக்கமும் அங்கேயே. ஊர்க்காரர் ஒருவர் கையில் அவருடைய பெட்டி வந்தது. இரண்டு கைலி, ரேடியோ, எங்கள் கடிதங்கள், தொழுகைத் தொப்பி. பெட்டி மூடியின் உள்துணியில் அந்தத் துருப்பிடித்த ஊக்கு. ஊக்கில் இரண்டு நூல்கள்.

தம்பியுடையது நேராக இருந்தது. என்னுடையதில் மேல்முடிச்சுக்கு ஒரு சாண் கீழே சின்னதாக ஒரு சிக்கு விழுந்திருந்தது. உம்மா அழுதுகொண்டிருந்தாள், வீடு நிறையப் பெண்கள். எனக்கு ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும்போல் இருந்தது. சுவரோரம் உட்கார்ந்து அந்தச் சிக்கை நகத்தால் நெம்பினேன். இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து, எச்சிலால் நனைத்து, வெகுநேரம் பாடுபட்டு அவிழ்த்தேன். நூலை நீவி நேராக்கி உம்மாவிடம் கொடுத்தேன். யாரோ ஒரு மாமி என் தலையைத் தடவி, "பொறுப்பான பிள்ள" என்றாள்.

பிறகு வீடு மாறியதில் நூல்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. கூடாரத்தை உம்மா வெட்டிக் குளியலறைக்கு மறைப்பாகக் கட்டினாள், இரண்டு மழையில் மட்கிப்போயிற்று. என் பை மட்டும் விருந்தாளிகளுக்கு மெத்தையாக வெகுநாள் இருந்தது. பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் அதற்குள் படுத்துப் பார்த்தேன். கால் அடியில் போய்ச் சரியாக முட்டியது. அன்று காட்டுவதற்கு எனக்கு ஆள் இல்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். கடையிலிருந்து வீட்டுக்கு வந்தேன். மகள் மதியச் சாப்பாடு முடிந்து பாயில் உறங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பி அளக்கலாம், எழுப்பினால் ஆயிரம் கேள்வி கேட்பாள். அளக்கிற டேப் எங்கே என்று தெரியவில்லை. தையல் பெட்டியிலிருந்து நூல்கண்டை எடுத்தேன். அவள் குதிகாலில் நுனியை வைத்து, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே மேலே வந்தேன். உச்சந்தலையில் விரலை அழுத்தி நூலைப் பிடித்தேன். கத்தரி கைக்கு எட்டவில்லை. இடம் தவறிவிடக் கூடாதே என்று விரலை எடுக்காமல் அந்த இடத்திலேயே ஒரு முடிச்சுப் போட்டேன்.

முடிச்சு இறுகியபோது என் பல்லில் நூலின் ருசி வந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது சிக்கு இல்லை. ஆற்றோரம், கண்ணை மூடிக்கொண்டு கிடந்த என்னைக் குதிகாலிலிருந்து உச்சிவரை அளந்து, பொய் நூலிலேயே ஒரு சாண் கீழே என்னை ஒரு முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறார். ஒன்றும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல். வேறு நூல் வந்து அதன் இடத்தைப் பிடித்துவிடக் கூடாதென்றுதான் இனிமேல் நூல் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். நான்கு வருடம் அந்த முடிச்சுதான் அவர் தலைக்கு மேலே நின்றிருக்கிறது. அதை நான் பல்லால் கடித்து அவிழ்த்தேன். அடுத்த வீட்டுப் பிள்ளையின் அளவை நீவி நேராக்கி உம்மாவிடம் கொடுத்தேன்.

மகள் கண்ணைத் திறந்தாள். "என்னம்மா பண்ணுதே?"

"எறும்பு ஊருது. நீ உறங்கு."

மறுநாள் கடைக்குப் போய், முடிச்சுக்கு மேலே ஒரு சாண் விட்டு வெட்டியிருந்த நூலை மேசைமேல் வைத்தேன். "அளவு கொண்டாந்திட்டியளா? டேப்பு கெடைக்கலையோ?" என்று சிரித்துக்கொண்டே அண்ணாச்சி பைகளை விரித்தார். நூலைக் கையில் எடுத்து நீட்டியவர், நடுவில் நிறுத்திக் கண்ணருகே கொண்டுபோனார்.

"சிக்கு விழுந்து கெடக்கேக்கா. பொறுங்க, மெல்ல எடுத்துவிட்டுருதேன்" என்று நகத்தை வைத்தார்.

நான் மேசையைத் தாண்டிக் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துவிட்டேன். முன்பின் தெரியாத ஆணின் கையை அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"அவுத்துராதிய அண்ணாச்சி," என்றேன். "அது சிக்கு இல்ல. அங்கனதான் எம் பிள்ள தல இருக்கு."